பல்புக்குக் காசில்லை, உயர்கோபுர விளக்குக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

விளவங்கோடு டீச்சர் | ஞாயிறு இரவு 8:50

எங்கள் தெரு முக்கிலிருந்து சானல் (வாய்க்கால்) கரை வரை ஒன்பது கம்பங்கள். அதில் ஐந்து எரியவில்லை. மூன்றாவது கம்பத்தின் கீழே மழையில் சாலை அரித்துப் பள்ளம் விழுந்து கிடக்கிறது. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓரமாகத் தாண்டுகிறார்கள். தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

நகராட்சியில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். "பல்பு ஸ்டாக் இல்லை டீச்சர். பழைய பில் பாக்கி நிற்பதால் சப்ளை செய்கிறவர் தர மாட்டேன் என்கிறார்" என்றார் அங்கிருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார், ஒளித்துப் பேசவில்லை. ஆனால் அதே வாரம் எங்கள் ஜங்ஷனில் புது உயர்கோபுர மின்விளக்கு வந்தது. ராத்திரி பத்து மணிக்கு அதன் கீழே பேப்பர் படிக்கலாம். அங்கிருந்து இருநூறு அடி நடந்தால் எங்கள் தெரு, கும்மிருட்டு.

என் வீடு 980 சதுர அடி. 2022-ல் சொத்து வரி ஏற்றியபோது அரையாண்டுக்கு 620 ரூபாயாக இருந்தது 930 ஆனது. அதன் பிறகு 6 சதவீத உயர்வும் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதால் ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்திலேயே கட்டிவிடுகிறேன். வரி இவ்வளவு ஏறியும் பல்பு வாங்கப் பணமில்லை என்றால் அது எங்கே போகிறது? யாரையும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நகராட்சியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. குமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில் எல்லா ஊர்க்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

கடைவீதி அண்ணாச்சி | ஞாயிறு இரவு 9:15

டீச்சர், உங்களுக்கு 50 சதவீதம்தான் ஏறியது. எங்களுக்கு வணிகக் கட்டடம் என்று சொல்லி 100 சதவீதம் ஏற்றினார்கள். கடைக்கு முன்னால் ஓடை அடைத்து எட்டு மாதம் ஆகிறது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் படி ஏறி வருகிறது. அரிசி மூட்டைகளைப் பலகை போட்டு உயர்த்தி வைத்திருக்கிறேன். முதலில் வேலையைக் காட்டட்டும், அப்புறம் வரி கேட்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

பேரேடு | ஞாயிறு இரவு 10:40

டீச்சர், வெவ்வேறு மாவட்டங்களில் 31 வருடம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

நகராட்சியின் பணம் ஒரே உண்டியலில் கிடப்பதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று தனிக் கணக்குகள். நீங்கள் கட்டும் சொத்து வரி உள்ளே போகும்போதே இந்த மூன்றுக்கும் பிரிந்துவிடும். கல்வி நிதியில் பணம் தூங்கினாலும் அதை எடுத்துப் பல்பு வாங்க முடியாது.

மேலிருந்து வரும் பணத்துக்கும் கட்டு உண்டு. மத்திய அரசின் 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை நம்மைப் போன்ற சிறு நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டி வைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக் கூடாது என்று இருந்தது. அந்த மானியம் வேண்டுமென்றால் சொத்து வரி வசூலும் ஆண்டுக்கு ஆண்டு கூடியாக வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. 2022 உயர்வுக்கு அரசு சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. நம் நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு நிலைத்து நின்ற உயர்வே இல்லை. 2018-ல் ஒன்று அறிவித்தார்கள், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். பதினான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் 50, 100 என்று ஏற்றினால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். வருடம் நாலைந்து சதவீதமாக ஏற்றியிருந்தால் அண்ணாச்சி இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்.

இப்போது உங்கள் உயர்கோபுர விளக்கு. பெரும்பாலும் அது சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் வரும். ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதை நிலையான சொத்து உருவாக்கத்தான் பயன்படுத்தலாம், பராமரிப்புக்குக் கிடையாது. ஆக, கோபுரத்தை நடுவது ஒரு நிதி, எரிப்பது வேறொரு நிதி. அதன் கரண்ட் பில், பல்பு மாற்றுவது, விளக்கை ஏற்றி இறக்கும் கயிறு அறுந்தால் சரி செய்வது எல்லாம் நகராட்சியின் பொது நிதியிலிருந்து போகும். உங்கள் தெரு பல்பும் அதே நிதியில்தான் இருக்கிறது.

புதிதாகக் கட்ட எப்போதும் பணம் வரும், டீச்சர். கட்டியதை ஓட்டுவதற்கு யாரும் தர மாட்டார்கள். நான் வேலை பார்த்த எல்லா ஊர்களிலும் பற்றாக்குறை இப்படித்தான் தொடங்கியது.

விளவங்கோடு டீச்சர் | ஞாயிறு இரவு 11:05

சார், நன்றி. நான் கணக்கு டீச்சர்தான், ஆனாலும் இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் ஜங்ஷனில் நிற்கும் கோபுரத்தில் எட்டு விளக்கு. ஒவ்வொன்றும் 200 வாட் என்று கான்ட்ராக்டர் ஆள் சொன்னான். தெருவிளக்கு எல்.இ.டி. 20 வாட்.

சாயங்காலம் ஆறரை முதல் காலை ஐந்தரை வரை 11 மணி நேரம் என்று வையுங்கள். கோபுரம் ஒரு ராத்திரிக்கு 17.6 யூனிட் எடுக்கும். ஒரு தெருவிளக்கு 0.22 யூனிட். அப்படியானால் அந்தக் கோபுரம் எரிக்கும் மின்சாரத்தில் 80 தெருவிளக்கு எரியும். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை.

எங்கள் வார்டு முழுக்க எண்ணினாலும் 80 கம்பம் தேறாது.

பேரேடு | திங்கள் காலை 6:20

கணக்கு சரி. இன்னொன்றும் போட்டுப் பாருங்கள். பல கோபுரங்களில் பாதி விளக்கைத் தனியாக அணைக்க டைமர் வைத்திருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கடைகள் அடைத்த பிறகு நான்கை அணைத்தால் ஏழரை மணி நேரத்தில் 6 யூனிட் மிச்சம். 27 தெருவிளக்குக்கான மின்சாரம் அது. இதற்குத் தீர்மானமும் டெண்டரும் தேவையில்லை, ஒரு ஆள் போய் டைமரைத் திருப்பினால் போதும்.

தள்ளுவண்டி | திங்கள் மதியம் 1:30

பேரேடு சார் சொன்னதை என் வீட்டிலிருந்து சொல்கிறேன். என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் இருக்கும் வார்டுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் பேட்டரி வண்டி கொடுத்தார்கள். மாலை போட்டு, போட்டோ எடுத்து, கொடியசைத்து அனுப்பினார்கள். இரண்டாவது வருடம் பேட்டரி போய்விட்டது. வண்டி மானியத்தில் வந்தது, பேட்டரிக்கு மானியம் இல்லை. நான்கு மாதம் அது ஷெட்டில் நின்றது. அம்மா பழைய தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டார்.

நம் ஊர் மேடு பள்ளம் உங்களுக்குத் தெரியும். கோவில் விளையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் சரிவில் நிறைந்த வண்டியை ஒற்றை ஆளாகத் தள்ள முடியாது. பாதிக் குப்பையைச் சாக்கில் கட்டிக் கீழேயே வைத்துவிட்டு, வண்டியை மேலே சேர்த்துவிட்டு, திரும்ப இறங்கி வந்து சாக்கைத் தலையில் சுமந்து ஏறுவார். அந்த நான்கு மாதத்தில் "குப்பை எடுக்க ஏன் லேட்?" என்று அவரைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கையுறை இரண்டு வாரத்தில் கிழிந்துவிடும், அடுத்தது வர மாதக்கணக்கு ஆகும். நான் என் சம்பளத்தில் வாங்கிக் கொடுக்கிறேன்.

நிதி இல்லை என்றால் முதலில் நிற்பது ஒப்பந்த ஆட்களின் சம்பளம்தான். பத்தாம் தேதி வர வேண்டியது இருபத்தைந்தாம் தேதி வரும். அதற்குள் சீட்டுக்கும் வாடகைக்கும் வட்டிக்கு வாங்கியிருப்போம். ஆகவே அண்ணாச்சி, "வேலையைக் காட்டட்டும், அப்புறம் வரி" என்று நீங்கள் சொல்லும்போது நடுவில் நசுங்குவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கோபமாகச் சொல்லவில்லை.

கடைவீதி அண்ணாச்சி | திங்கள் மதியம் 2:10

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு எதிராக நான் பேசியதாக எடுத்துக்கொள்ளாதே. நான் வரி பாக்கி வைத்ததே இல்லை. என் ஆத்திரம் எல்லாம் பெரிய பெரிய பாக்கிக்காரர்கள் மேல். பஸ் நிலையத்து நகராட்சிக் கடையைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, மூன்று மடங்குக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறவர்களை ஊருக்கே தெரியும். அதை வசூலித்தால் எத்தனை பேட்டரி வாங்கலாம்? மத்திய அரசுக் கட்டடங்களும் வரி கட்டுவதில்லை என்கிறார்களே, அது உண்மையா?

பேரேடு | திங்கள் மாலை 4:00

உண்மைதான். அரசியல் சட்டம் 285-வது பிரிவின்படி மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது. கொடுக்கும் சேவைக்கு ஏற்ப சேவைக் கட்டணம் கேட்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் தொழில் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988-ல் வைத்த உச்சவரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. 1988-ல் 2,500 ரூபாய் பெரிய பணம். இன்று மாதம் இரண்டு லட்சம் சம்பாதிக்கிறவரும் அதைத்தான் கட்டுகிறார். அதை மாற்ற அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும், நகராட்சியால் ஆகாது.

உள்வாடகை விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அது சட்டத்தால் வந்த சிக்கல் இல்லை, கை வைக்கத் துணிச்சல் இல்லாததால் வந்தது.

பாறசாலைத் தமிழ் | திங்கள் இரவு 8:30

நான் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன். களியக்காவிளைச் சந்தைக்கு வாரம் இரண்டு தடவை வருவேன், அதனால் இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.

எங்களுக்குக் குடிநீர் பஞ்சாயத்தின் பொறுப்பு இல்லை, கேரள நீர் ஆணையம் பார்க்கிறது. மீட்டர் வைத்துப் பில் வரும். 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள், ஆயிரம் லிட்டருக்கு 10 ரூபாய். சத்தம் போட்டோம், பிறகு கட்டினோம்.

குப்பைதான் நான் சொல்ல வந்தது. எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு முறை குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் இரண்டு பேர் பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் மட்டும்தான் எடுப்பார்கள். பால் கவரில் ஈரம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 50 ரூபாய் கொடுக்க வேண்டும். சோற்றுக் கழிவு, மீன் தலை, பலாச்சக்கை மடல் எல்லாம் நம் பொறுப்பு. வீட்டுப் பின்னால் குழாய் கம்போஸ்டோ குழியோ வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நானும் எதிர்த்தேன். "பஞ்சாயத்து செய்ய வேண்டிய வேலைக்கு நான் எதற்கு 50 ரூபாய் தர வேண்டும்?" என்று வாசலில் நின்று கேட்டேன். அந்தச் சேச்சி சண்டை போடவில்லை. "இதிலிருந்துதான் எங்களுக்குச் சம்பளம் சாரே" என்று சொல்லி ரசீதை நீட்டினார். அந்த 50 ரூபாய் யார் கைக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு எதிர்க்க மனம் வரவில்லை. கட்டாதவர்களிடம் கட்டட வரியோடு சேர்த்து வசூலிக்க இப்போது சட்டத் திருத்தமும் வந்துவிட்டது.

டீச்சரின் 930 ரூபாயில் பல்புக்கு எவ்வளவு, அம்மாவின் கையுறைக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. நான் பார்க்கும் வித்தியாசம் அது ஒன்றுதான்.

கடைவீதி அண்ணாச்சி | திங்கள் இரவு 8:55

கேரளாவை அவ்வளவு உயர்த்த வேண்டாம் நண்பரே. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவைத் திருநெல்வேலி மாவட்டத்தில் கொண்டுவந்து கொட்டியது மறந்துபோச்சா? பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகுதான் லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். கோழிக்கழிவு வண்டி இங்கே ராத்திரி ராத்திரி பிடிபடுகிறது.

பாறசாலைத் தமிழ் | திங்கள் இரவு 9:20

மறக்கவில்லை அண்ணாச்சி. எனக்கு அது வெட்கம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைமலை எரிந்து நகரமே பத்து நாளுக்கு மேல் புகையில் மூச்சுத் திணறியதையும் மறக்கவில்லை. கழிவை முறையாக அழிக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுக்க மனமில்லாதவன் இரவில் எல்லை தாண்டுகிறான். செலவு அதனால் ஒழிந்துபோவதில்லை, உங்கள் ஊர்த் தோட்டத்துக்கு மாறிப்போகிறது. அதனால்தான் வாசலில் வாங்கும் 50 ரூபாய் நியாயம் என்கிறேன்.

தள்ளுவண்டி | திங்கள் இரவு 10:00

பாறசாலை அண்ணா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே 50 ரூபாய் என்றால் எங்கள் லைன் வீட்டில் இருக்கும் தனிக் கிழவிக்கும் 50, கல்ஃப் பணத்தில் கட்டிய மூவாயிரம் சதுர அடி வீட்டுக்கும் 50. லைன் வீட்டில் குழி வெட்டப் பின்பக்கமே கிடையாது, பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். சேவைக்குக் கட்டணம் வைப்பதானால் வீட்டின் அளவைப் பார்த்து வையுங்கள்.

பேரேடு | செவ்வாய் காலை 6:10

தம்பி சொல்வது சரியான கருத்து. கேரளாவிலேயே, உரிமையாளர் குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையான வீட்டுக்குச் சொத்து வரி விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நம் 2022 உயர்விலும் 600 சதுர அடிக்குக் கீழ் 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று படி வைத்தார்கள். ஆனால் அளவு சரியாகப் பதிவாகியிருந்தால்தான் அந்தப் படிக்கு அர்த்தம். மாடி எடுத்தவர்களில் எத்தனை பேர் நகராட்சிக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

மாடிவீடு | செவ்வாய் காலை 9:45

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

நான் மாடி எடுத்து ஆறு வருடம் ஆகிறது. கீழே 1,100, மேலே 900 சதுர அடி. மேலே வாடகைக்கு விட்டிருக்கிறேன். வரி இன்னும் கீழ்வீட்டுக்கு மட்டும்தான் கட்டுகிறேன். யாரும் வந்து அளக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன். மேல்வீட்டுக் குடித்தனக்காரர்களும் குப்பை போடுகிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள். தம்பியின் அம்மா சாக்கைத் தலையில் சுமந்து ஏறியதைப் படித்த பிறகு மனசு கேட்கவில்லை.

இப்போது போய்ச் சொன்னால் ஆறு வருடத்துக்கும் சேர்த்துப் போடுவார்களா? அந்தப் பயமும் இருக்கிறது.

பேரேடு | செவ்வாய் காலை 11:30

முந்தைய அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்க வாய்ப்பு உண்டு, மறைக்க மாட்டேன். தவணை கேட்டு மனு கொடுங்கள். அளந்து பிடிபடுவதை விட நீங்களாகப் போவது எப்போதும் நல்லது. கட்டட அனுமதி நகல், மின் இணைப்பு வந்த தேதிக்கான ரசீது இரண்டையும் கொண்டு போங்கள்.

டீச்சர், உங்களுக்கும் ஒரு யோசனை. பல்பு கேட்டு மூன்றாவது மனு எழுதாதீர்கள். 2022-ல் வந்த விதிப்படி நகராட்சிகளில் வார்டு குழுவும், மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் பகுதி சபாவும் இருக்க வேண்டும். முதல் கூட்டங்கள் அந்த வருடம் நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் நடந்தன. நம் மாவட்டம் 1956-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுவே. அந்தச் சபாவில் எழுத்தில் கேளுங்கள்: இந்த வார்டிலிருந்து போன வருடம் வசூலான சொத்து வரி எவ்வளவு, இந்த வார்டுத் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் செலவானது எவ்வளவு, இனி எந்த நிதியில் எது கட்டினாலும் அதை ஐந்து வருடம் ஓட்ட என்ன செலவாகும் என்று முதலிலேயே எழுதி வைப்பார்களா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். என் சர்வீஸில் அதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கோப்பில் எழுதி வைத்ததில்லை. எழுதியிருக்க வேண்டும்.

கடைவீதி அண்ணாச்சி | செவ்வாய் மதியம் 12:15

நான்காவதாக உள்வாடகைக் கடைகளின் பட்டியலையும் சேருங்கள் டீச்சர். கையெழுத்து நான் போடுகிறேன். கடைவீதியில் இன்னும் பதினைந்து பேரிடம் வாங்கித் தருகிறேன். ஆனால் ஒன்று, ஓடையைத் தூர்வாரும் வரை "வரி நியாயம்" என்று என் வாயால் வராது.

விளவங்கோடு டீச்சர் | செவ்வாய் இரவு 9:30

அண்ணாச்சி, அது உங்கள் உரிமை. ஓடையையும் மனுவில் சேர்த்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் கவுன்சிலர் வீட்டுக்குப் போய் 17.6 யூனிட் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "கோபுரத்தில் பாதியை அணைத்தால் ஜங்ஷன் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்களே" என்றார். அண்ணாச்சி, அவர்களிடம் நீங்கள் பேசினால் நல்லது. பத்து மணிக்கு மேல்தான், கடை அடைத்த பிறகு. டைமர் இருக்கிறதா என்று நாளை வயர்மேனை அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பகுதி சபா எப்போது கூடும் என்று கேட்டேன். தேதி இல்லை என்றார். தேதி கேட்டு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

தம்பி, அம்மாவின் கையுறை அளவு என்ன? பள்ளி ஆசிரியர்கள் ஐந்து பேர் சேர்ந்து அந்த வார்டில் இருக்கும் பதினோரு பேருக்கும் வாங்கித் தருகிறோம். இது நகராட்சி செய்ய வேண்டியது, மனுவில் அதையும் எழுதியிருக்கிறேன். வரும் வரை கை கிழிய வேண்டாம்.

மாடிவீட்டுத் தம்பி எனக்குத் தனியாக எழுதியிருந்தார். வரும் திங்கள்கிழமை காலை பத்தரைக்கு வருவாய்ப் பிரிவுக்குப் போகிறார். நானும் கூடப் போகிறேன்.